கேட்காமல் குடிவந்தவர்கள்

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது அடையாள அட்டையில் சும்மா படுத்திருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டு அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்ந்த முதல் வாரமே பிள்ளைகள் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரலால் இடது புருவத்தைத் தொட்டு மேலே ஓர் இழுப்பு. அவ்வளவுதான் பெயர். புருவம். எதைப் பார்த்தாலும் அந்தப் புருவம் ஒரு விரற்கடை ஏறும். ஏறினால், எதிரில் இருப்பது ஆளோ பொருளோ, தேறவில்லை என்று அர்த்தம். விடுதிச் சாப்பாட்டுக்கு ஏறியது. வார்டனுக்கு ஏறியது. பிற்பாடு அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பார்க்க வந்த தச்சருக்கும் ஏறியது. அந்தத் தச்சர், அவருக்கும் காது கேட்காது, பதிலுக்குத் தன் புருவத்தையும் ஏற்றிக் காட்டினார். சரி, இந்த ஆள் பரவாயில்லை என்று அவரையே கட்டிக்கொண்டாள். வேலை செய்யும்போது உதட்டில் வரிசையாக ஆணி கவ்விக்கொண்டிருப்பார் என்பதால் அவர் பெயர் ஆணி.

இவர்கள் கையால் பேசியதைத்தான் இங்கே வாயால் பேசியதுபோல எழுதியிருக்கிறது. கைப்பேச்சிலும் இழுவை, குத்தல், முணுமுணுப்பு எல்லாம் உண்டு. குத்தலில் புருவத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

அவளுக்கு வேலை பல் செட் கட்டும் கூடத்தில். ஒரு மருந்துக்கடைக்கு மேலே, வெள்ளைத் தூள் படிந்த நீளமான அறை. பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் மெழுகு வைத்து, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டிக் காட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசைப்படுத்துவது அவள் பங்கு. பக்கத்து மேசையில் அரைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்குத் தலைவலி, அவளுக்கு மேசையில் ஒரு நடுக்கம், அவ்வளவே. இருபது வருஷமாகப் பல்லையே பார்த்துப் பார்த்து, யாரைக் கண்டாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். "இந்த ஊர்ல சிரிக்கிற பாதிப் பேரோட சிரிப்பு அவங்களோடது இல்ல. நான் வச்சது" என்பாள்.

கூடத்தின் முதலாளிக்கு அவள் வைத்த பெயர் பெல்ட். வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நாள் முழுக்க நடக்கும் சண்டையில் அவர் நடுவராக நின்று இழுத்து இழுத்து விடுவார். பக்கத்து இருக்கைக்காரி கொட்டாவி. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், தூக்கம்தான் போதாது. புருவத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து கைப்பேச்சைக் கற்றுக்கொண்டவள். முதலில் கற்றது ஊர்வம்பு, வேலைச் சொற்கள் அப்புறம்தான்.

புருவத்துக்கு ஓர் அக்கா. அவளுக்கும் காது கேட்காது. கன்னத்தில் குழி விழும், ஆகவே குழி. பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும் தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். குழியின் வீட்டுக்காரருக்குக் காது கேட்கும், நல்ல மனிதர்தான். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட சைகைகளை விரல் விட்டு எண்ணலாம். சாப்பாடு, தூக்கம், காசு, வா, போ. "இதுல ஒரு குடும்பமே நடத்திட்டார் பாரு, கெட்டிக்காரர்தான்" என்பாள் புருவம். அதனால் குழிக்கு வாய்விட்டுப் பேச, அதாவது கைவிட்டுப் பேச, தங்கை ஒருத்திதான். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் புருவம் சமையலறை அலமாரியில் போனைச் சாய்த்து வைப்பாள். அக்காவும் தங்கையும் திரையில் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஆணி குறுக்கே வந்தால் இரண்டு ஊரிலிருந்தும் திட்டு விழும்.

ஒருநாள் பழைய போன் அச்சு மாவு கரைத்த வாளியில் விழுந்துவிட்டது. எடுப்பதற்குள் மாவு இறுகிவிட்டது. பெல்ட் எட்டிப் பார்த்து, "போனுக்கே பல் செட்டு கட்டுறீங்களா?" என்று கேட்டாராம். கொட்டாவி சொல்லித்தான் தெரியும். புருவம் சிரிக்கவில்லை.

புதுப் போன் வாங்கப் புருஷனும் பெண்டாட்டியும் கடைவீதிக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, நடுவில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞன். சிரித்தால் மேல் பல் மட்டும் தெரியும். கீழ் வரிசை ஏதோ தகராறு, மறைக்கிறான் என்று பார்த்ததுமே புருவத்துக்குத் தெரிந்துபோயிற்று. மேல்வரிசை என்று அங்கேயே பெயர் வைத்தாள். அவன் ஒரு போனை எடுத்துத் தடவிக்கொடுத்து, என்னவோ அழுத்தி, அதை அவள் காதருகே கொண்டுவந்து வைத்தான். பாட்டு. சத்தத்தின் அழகைக் காட்டுகிறான். அவள் தன் காதைத் தொட்டுக் கையை இல்லை என்று ஆட்டினாள். அவன் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டுச் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்லி எல்லாக் காலத்திலும் செவிடனைத்தான் சிரித்திருக்கிறார்கள். பார்த்தும் ஊதினானே, அந்த அறிவாளியைப் பற்றி யாரும் ஒரு பழமொழியும் கட்டவில்லை.

கடைசியில் ஆணி ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'வீடியோ கால் நல்லா தெரியணும்.' மேல்வரிசை அதன் கீழேயே எழுதினான்: 'சூப்பரா தெரியும். நிறைய ஆப் ஃப்ரீ!!!' மூன்று ஆச்சரியக்குறி. கேப்பையில் நெய் வடிகிறது என்கிறான் என்று புருவத்துக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் படம் தெளிவாகத்தான் இருந்தது. வாங்கி வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், போனுக்குள் ஏற்கெனவே ஒரு ஊரே குடியிருந்தது. பாட்டுக் கேட்க ஒன்று, இன்னும் நன்றாகப் பாட்டுக் கேட்க ஒன்று, ரேடியோ ஒன்று. வாயால் சொன்னால் கேட்டு வேலை செய்யும் உதவிக்காரி ஒருத்தி. சீட்டாட்டம், மிட்டாய் உடைக்கும் ஆட்டம், செய்தி, துணிக்கடை, கடன் வேண்டுமா என்று கேட்பவன், குட்டிக் குட்டி வீடியோ காட்டுபவன். அவள் பாட்டுப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். பழைய போனில் இப்படி அழுத்தினால் 'நீக்கு' என்று வரும். இதில் 'திற' மட்டும் வந்தது. மற்றதை அழுத்தினாள். 'திற'. ரேடியோ. 'திற'.

"எடுக்கவே முடியலங்க. எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு."

ஆணி வாங்கிப் பார்த்தார். "காசு குடுத்து வீடு வாங்குறோம். உள்ள போனா ஒருத்தன் கட்டில்ல படுத்திருக்கான். யாருப்பான்னா, நான் வீட்டோட வந்தவன்கிறான்."

"படுத்திருந்தாலும் பரவாயில்ல. எழுந்து நம்ம சோத்தையும் திங்காம இருந்தா சரி" என்றாள் புருவம்.

தின்றன. அது அப்போது தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டால் படம் வருவதற்குள் திணறியது. ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டா என்று கணக்குப் போட்டுத்தான் அவள் பேக் போட்டிருந்தாள். பழைய போனில் அக்காவோடு பேசியது போக மிச்சமே விழும். இப்போதோ வேலை முடிந்து வருவதற்குள் 'இன்றைய டேட்டா தீர்ந்தது' என்று செய்தி வந்து உட்கார்ந்திருக்கும். பகலெல்லாம் போன் பைக்குள் சும்மா கிடந்தது. அவள் தொடக்கூட இல்லை.

"உச்சி வெயில்ல தண்ணி காயற மாதிரி காயுதா?" என்றார் ஆணி. அவர் மேல்தான் முதலில் சந்தேகம் போனது. ராத்திரி ஒளித்துவைத்து ஏதாவது படம் பார்க்கிறாரோ என்று அவள் கேட்க, அவர் கோபித்துக்கொண்டு ஒருநாள் முழுக்கக் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே திரிந்தார். கைப்பேச்சில் அதுதான் மௌன விரதம்.

காது கேட்பவர்களுக்குப் படம் நின்றால் குரல் மிஞ்சும். "கேக்குதா, கேக்குதா?" என்று கத்தியாவது பேசி முடிப்பார்கள். இவர்களுக்குப் படம்தான் குரல். அக்காவின் கை பாதி வழியில் நின்றால் சொல் பாதியில் செத்துப்போகும். சில சமயம் அந்தப் பாதிச் சொல் முழுச் சொல்லைவிடக் கெட்டதாக இருக்கும்.

அப்படித்தான் ஆயிற்று. குழிக்கு ஒரு கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். பார்வையெல்லாம் மற்றக் கண்தான். அதிலும் புரை விழுந்துவிட்டது, அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்டால் அது அவிழும்வரை குழிக்கு வெளிச்சமும் இல்லை, பேச்சும் இல்லை. அந்தச் சாயங்காலம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். படம் திக்கித் திக்கி வந்தது. அவள் முகம் கலங்கியிருந்தது. கை எழுந்தது, 'நீ' என்றது, 'வர' என்றது. அப்போது தலை இடமும் வலமும் அசைய, உள்ளங்கை வெளிப்பக்கம் தள்ளியபடி, படம் உறைந்து நின்றது. நீ வராதே. அப்படியே நின்றது. அப்புறம் திரை கறுத்துப் போயிற்று.

புருவம் திரும்பக் கூப்பிட்டாள். சுற்றியது, சுற்றியது, போகவில்லை. இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. எழுத்துத் தமிழ் இரண்டு பேருக்குமே மாற்றாந்தாய் மாதிரி. சோறு போடும், கொஞ்சாது. 'நீ வர வேண்டாம் இல்லை' என்றிருந்தது. வேண்டாம் என்று ஒரு தரம், இல்லை என்று இன்னொரு தரம். போதாதா? போன தடவை அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது மாமாவின் தங்கை, "இன்னும் எத்தனை நாள் இருப்பாங்க?" என்று கேட்டதை இவள் உதட்டைப் பார்த்தே படித்திருந்தாள். அது ஞாபகம் வந்தது. ஓகோ, அந்தப் பேச்சு அக்காவரைக்கும் ஏறிவிட்டதா என்று நினைத்துக்கொண்டாள். 'சரி' என்று ஒரே சொல் பதில் போட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. அங்கிருந்தும் கூப்பிடவில்லை.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது அழுவாள். ஆணி வந்தால் சோப்பு கண்ணில் பட்டது என்பாள்.

இதற்கிடையில் வெளியுலகம் அவளை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி முறைத்துவிட்டு எழுந்து வேறு இடம் போனாள். மேல்வீட்டுக்காரம்மா படியில் எதிர்ப்பட்டால் காதைப் பொத்திக் காட்டினாள். மூலைக்கடையில் ஓர் ஆள் அவளைப் பார்த்துக் கண்ணடித்து இடுப்பை ஆட்டினான். ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று புருவம் தீர்மானித்தாள். எப்போதும் கொஞ்சம் சந்தேகம் இருந்ததுதான்.

ஒரு மத்தியானம் பல் டாக்டர் ஒருவர் கூடத்துக்கு வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்காரர், அவர் வேலை கொடுத்தால் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். பெல்ட் அவரை மேசை மேசையாக அழைத்துப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். மோட்டாரை மரியாதைக்காக நிறுத்தியிருந்தார்கள். புருவம் மெழுகில் கடைவாய்ப்பல் நட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. டாக்டர் வாயைப் பிளந்தார்; பரவாயில்லை, சொந்தப் பல்தான். பெல்ட் சிவந்த முகத்தோடு அவள்முன் வந்து நின்று கத்தினார். வேகமாகப் பேசினால் அவள் உதட்டைப் பிடிக்க முடியாது. கொட்டாவியைப் பார்த்தாள்.

கொட்டாவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கையால் சொன்னாள். "வேலை நேரத்துல பாட்டு கேக்குறியான்னு கேக்குறாரு."

புருவம் கத்தியைக் கீழே வைத்தாள். தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, பதில் சொல்லும்படி பெல்ட்டைப் பார்த்தாள்.

பெல்ட்டுக்குத் தான் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பெல்ட்டை இழுத்துவிட்டார். "இல்லம்மா... சத்தம் வந்துச்சே... உன் பைலேர்ந்துதானே..." என்று ஏதோ முனகிவிட்டு டாக்டரிடம் திரும்பிச் சிரித்தார்.

கொட்டாவி சுவரில் தொங்கிய பையிலிருந்து போனை எடுத்தாள். திரை பூட்டித்தான் இருந்தது. பூட்டிய திரையிலேயே ஒருத்தி ஷாம்பு போட்டுத் தலையை உதறி உதறிப் பாடிக்கொண்டிருந்தாள். பைக்குள் டிபன் டப்பா சரிந்து இடித்துப் பொத்தான் அமுங்கும்போதெல்லாம் திரை விழித்துக்கொள்ளும். விழித்தால் யார் கேட்டார்கள் என்று பாராமல் பூட்டுத்திரைக்குள்ளேயே குடியிருந்த இன்னொரு வீடியோக்காரன் கடையைத் திறந்துவிடுவான். அதுவும் மேல்வரிசை கூட்டி வைத்த அதே சத்தத்தில். போன் வாங்கியதிலிருந்து பஸ்ஸிலும் தெருவிலும் படிக்கட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது. ஊருக்கே பாட்டுக் கச்சேரி. நடத்துகிறவளுக்கு மட்டும் தெரியாது.

"அக்கா, இது என்ன, தெருத்தெருவா டமாரம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கீங்க" என்றாள் கொட்டாவி.

புருவத்துக்கு முகம் வெந்துவிட்டது. கண்ணடித்த மூலைக்கடைக்காரனை நினைத்துக்கொண்டாள். அந்த ஆளை மட்டும் மன்னிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கொட்டாவி போனைக் குடைந்தாள். எந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று காட்டும் பக்கம் ஒன்று எங்கோ ஆழத்தில் இருந்தது. முதலிடம் பூட்டுத்திரை வீடியோக்காரனுக்கு. அடுத்தது குட்டி வீடியோ. அதற்கடுத்தது, ஒருநாளும் திறக்காத துணிக்கடை. பாட்டு ஆப் இரண்டும் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொண்டு கொழுத்திருந்தன. அக்காவோடு பேசும் வீடியோ கால் எங்கேயோ அடியில், பந்தியில் கடைசியாக உட்கார்ந்த ஏழைச் சொந்தக்காரன்போல ஒண்டிக்கொண்டிருந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதைதான்.

புருவம் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் முதலில் நினைத்தது ஆணியைத்தான். பாவம், ஒருநாள் முழுக்கக் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தாரே.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கொட்டாவியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மேல்வரிசை அதே சிரிப்போடு நின்றான்.

"தம்பி, இவங்க திறக்காத ஆப் எல்லாம் இவங்க டேட்டாவத் தின்னுது. எடுத்துக் குடுங்க" என்றாள் கொட்டாவி.

"அதெல்லாம் சிஸ்டம் ஆப் மேடம். போனோடயே வரும். எடுக்க முடியாது."

"சிஸ்டத்துக்கு எதுக்கு தம்பி சீட்டாட்டம்?"

"கம்பெனி செட்டிங் மேடம்." கம்பெனி என்று சொல்லும்போது அவன் கண்ணை மேலே உயர்த்தினான், என்னவோ ஆகாயத்திலிருந்து வந்த கட்டளை மாதிரி. "ஒரு ஐடியா சொல்றேன். இன்னும் பெரிய பேக்கா போட்டுக்கங்க. எல்லாத்துக்கும் பத்தும்."

கொட்டாவி இதைக் கையில் சொன்னதும் புருவத்தின் விரல்கள் பறந்தன. "வீட்டுல பூந்த திருடனுக்கு சோறு பத்தலன்னா, நான் கூடுதலா உலை வைக்கணுமா? கேளு."

"யோசிச்சு சொல்றேங்கிறாங்க" என்றாள் கொட்டாவி அவனிடம்.

புருவம் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "உன் உதடு எனக்குத் தெரியும். நான் சொன்னத அப்படியே சொல்லு."

கொட்டாவி அப்படியே சொன்னாள். போன் பார்த்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேல்வரிசையின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது.

"சத்தம் தொந்தரவா இருந்தா சைலண்ட்ல போட்டுக்கலாமே மேடம்."

"நான் பொறந்ததுலேர்ந்தே சைலண்ட்தான். தொந்தரவு உங்களுக்குத்தான். எனக்குத் தொந்தரவு வேற. எங்க அக்கா மூஞ்சி தெரியல" என்றாள் புருவம். கொட்டாவி அதையும் அப்படியே சொன்னாள்.

அவன் ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். "கம்ப்ளெயின்ட் பண்ணணும்னா இந்த நம்பருக்குப் பேசுங்க மேடம். இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க."

"யாரு பேசணும்?" என்றாள் கொட்டாவி.

"போன் யாரோடதோ அவங்கதான் பேசணும். வேற ஆள் குரலெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க."

கொட்டாவி இதை மொழிபெயர்க்கவே வெட்கப்பட்டாள். சொன்னாள். புருவம் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காது கேட்காதவளின் குறையை வாயால் வந்து சொல்லச் சொல்கிற அந்தக் கம்பெனியின் மூளையை நினைத்து அவளுக்கு ஒரு வகை மரியாதையே வந்துவிட்டது. இவ்வளவு முட்டாள்தனம் தானாக வராது, பலபேர் கூடி உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அவள் வலது கையை உயர்த்தி மேல்வரிசையின் முகத்துக்கு நேரே ஒரு சைகை செய்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதையும் வாங்கிக்கொண்டு, கதவுவரை வந்து அவன் சொன்னானாம்: "மேடம், மறக்காம அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தபிறகுதான் கொட்டாவி கேட்டாள். "அக்கா, பாட்டுச் சத்தத்துக்கா இவ்வளவு கோவம்? வேற என்னமோ இருக்கு."

புருவம் சொன்னாள். உறைந்து நின்ற படம், 'வர வேண்டாம் இல்லை', தான் போட்ட 'சரி', எல்லாம்.

"அடக் கடவுளே. இத்தனை நாளா இதையா மனசுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க? இந்தாங்க என் போன். இப்பவே கூப்பிடுங்க."

"வராதேன்னு சொன்னவள நான் ஏன் கூப்பிடணும்?"

"அப்ப நான் கூப்பிடுறேன்" என்று கொட்டாவியே புருவத்தின் போனில் நம்பரைப் பார்த்து அழுத்தி, தன் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

குழி வந்தாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. கண் சிவந்து, முடி கலைந்து. தங்கையைக் கண்டதும் அவள் கை சீறியது.

"இப்பத்தான் உனக்கு மனசு வந்துச்சா? நான் செத்தப்புறம் வரலாம்னு இருந்தியா?"

"நீதானே வராதேன்ன!"

"நானா? டாக்டர் ரொம்பப் பேரு வரக்கூடாதுன்னு சொன்னாரு, ஆனா நீ மட்டும் வந்தே ஆகணும்னு கெஞ்சினேன். நீ என்னடான்னா புருவத்த மேல தூக்கி ஒரு பார்வை பாத்துட்டு அப்படியே நின்ன. அசையவே இல்ல. அவ்வளவு இளக்காரமா உனக்கு நான்?"

இங்கே அக்கா உறைந்த அதே நொடியில் அங்கே தங்கை உறைந்திருக்கிறாள். அதுவும் எந்த முகத்தோடு! படம் திக்குகிறதே என்ற எரிச்சலில் ஏறிய புருவம், அக்காவின் திரையில் கறுத்துப் போகும்வரை ஏறியே நின்றிருக்கிறது.

"அப்ப அந்த மெசேஜ்? வேண்டாம், இல்லைன்னு ரெண்டு தடவை போட்டியே?"

"வர வேண்டாம்னு இல்லைன்னு போட்டேன்டி! வேண்டாம்னு சொல்லல, வான்னு. நீ சரின்னு போட்ட. சரின்னு போட்டவ வரவும் இல்ல, கூப்பிடவும் இல்ல."

கொட்டாவிக்குப் போனைப் பிடித்த கை வலித்தது. ஆனாலும் இறக்கவில்லை. இரண்டு பஸ் வந்து போய்விட்டது கூடத் தெரியாமல் அக்காவும் தங்கையும் அழுதுகொண்டே சண்டை போட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டே அழுதார்கள். அறுவை திங்கட்கிழமை.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் புருவம் கிளம்பினாள். பெல்ட்டிடம் விடுப்புக் கேட்கவில்லை, கொட்டாவி சொல்லிவிடுவாள் என்று விட்டுவிட்டாள். போனை அணைத்துப் பைக்கு அடியில் போட்டாள்.

அறுவை நல்லபடியாக நடந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு குழி கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். மாமா கால்மாட்டில் நின்று தனக்குத் தெரிந்த 'சாப்பாடு', 'தூக்கம்' இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார், கண் கட்டியிருப்பவளுக்கு. புருவம் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அக்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் விடுதியில் விளக்கணைத்தபின் இரண்டு பேரும் போர்வைக்குள் பேசிய பேச்சு. கைக்குள் கை வைத்து, ஒவ்வொரு சைகையையும் தொட்டுத் தொட்டு.

"முடிஞ்சிடுச்சு அக்கா. நல்லா முடிஞ்சுதாம்."

குழியின் விரல்கள் அவள் கையைத் தடவிப் பார்த்து, நகத்துக்கடியில் இருந்த மெழுகைக் கண்டுபிடித்தன. நீதானா என்று ஊர்ஜிதம் செய்துகொண்டாள். பிறகு கேட்டாள். "டாக்டர் எப்படி ஆளு?"

"நல்ல மனுஷன்தான். முன்பல்லு ரெண்டும் பொய்."

குழியின் வயிறு குலுங்கியது. சிரிக்கக்கூடாது, தலை அசையக்கூடாது என்று நர்ஸ் ஓடி வந்து சொன்னாள். அதையும் புருவம் கைக்குள் சொன்னாள். குழி இன்னும் சிரித்தாள்.

கட்டு அவிழும்வரை புருவம் அக்காவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. மாமாவுக்கு மட்டும் இடையில் ஒரு பாடம் நடந்தது. 'வலிக்குதா', 'தண்ணி வேணுமா', 'நான் இங்கதான் இருக்கேன்' என்ற மூன்றையும் அவள் அவர் விரலைப் பிடித்து வளைத்து, குழியின் கைக்குள் வைத்துப் பழக்கிவிட்டாள். தடித்த விரல், சரியாக வரவில்லை. "தண்ணி வேணுமா"வுக்குப் பதிலாக ஒருதரம் "காசு வேணுமா" என்று கேட்டுவிட்டார். குழி வேண்டும் என்றாள்.

ஊர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆணி போனை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இறுகிப்போன இழுப்பறையைத் திறக்கிற பொறுமையோடு ஒவ்வொரு பக்கமாகத் திறந்தார். அமைப்புக்குள் அமைப்பு, அதற்குள் இன்னொன்று. சிலதை 'முடக்கு' என்று அழுத்த விட்டது. பூட்டுத்திரை வீடியோக்காரனை அணைக்கும் பொத்தான் யாரும் தேடாத ஒரு சந்தில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் கிடந்தது. முடக்கவும் விடாதவற்றுக்குப் பின்னணியில் டேட்டா எடுக்காதே என்று ஒன்றொன்றாகத் தடைபோட்டார். ஒவ்வொரு தடவையும் போன் கேட்டது: 'இதைச் செய்தால் சில வசதிகள் இயங்காமல் போகலாம். நிச்சயமா?' நிச்சயம் என்றார். மறுபடி கேட்டது.

"மாப்பிள்ளைய வெளிய அனுப்புற மாதிரி எத்தனை தடவ கேக்குது பாரு" என்றாள் புருவம்.

அவற்றை ஒழித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. போன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இரண்டொன்று வேறு பெயரில், வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வரும். போன மாதம் கேட்கும் திறனைச் சோதிப்போம் வா என்று ஒன்று வந்திருந்தது. ஆணி அதைப் பெண்டாட்டியிடம் காட்டாமலே முடக்கினார். வீட்டில் நூலாம்படை அடிக்கிற நாளில் இதையும் ஒரு தட்டுத் தட்டிவிடுவது என்று வழக்கமாகிவிட்டது. சாயங்காலத்துக்கு டேட்டா மிஞ்சுகிறது.

குழிக்கு இப்போது பார்வை அபாரம். அதுதான் புதுத் தொல்லை. நேற்று பேச உட்கார்ந்ததும் முதல் வார்த்தையே, "உன் பின்னாடி அந்த மேல்தட்டுல என்ன அவ்வளவு அழுக்கு?" என்று ஆரம்பித்தாள்.

"அது அழுக்கில்ல, நிழல்."

"எனக்கா சொல்ற? துணி எடுத்துத் தொடச்சுக் காட்டு."

புருவம் எழுந்து துடைத்தாள். அழுக்குத்தான். அக்கா விடவில்லை. கீழ்த்தட்டு, அடுப்புக்குப் பக்கத்துச் சுவர், ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். ஆணி வைத்துவிட்டுப் போன டீ ஆறி ஆடை படர்ந்துபோயிற்று.